பருத்திப்பூ போட்ட ஸ்வெட்டர்

கோவில்பட்டியில் ஸ்வெட்டர் விற்றுப் பிழைப்பது எப்படியிருக்கும் என்று என்னைக் கேளுங்கள். வருஷம் முக்காலும் வெயில் மண்டையைப் பிளக்கும். கார்த்திகை பாதியிலிருந்து தை பிறக்கும்வரை விடிகாலையில் கரிசல் காட்டில் பனி இறங்கும், அதுதான் எங்கள் குளிர்காலம். இது தெரிந்தும் எங்கள் முதலாளி ஆறுமுகசாமி, திருப்பூரில் மலிவாகக் கிடைத்ததென்று நாலு மூட்டை ஸ்வெட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். விற்காததை எல்லாம் அந்துருண்டை போட்டுக் கட்டிக்காப்பது சேல்ஸ்மேன் செண்பகராஜின் வேலை. அந்தச் செண்பகராஜ் நான்தான்.

தொண்ணூற்றெட்டு கார்த்திகையில் மாரிசெல்வி கடைக்கு வந்தாள். பசுவந்தனைப் பக்கம் ஊர். தீப்பெட்டி ஆபீஸ் வேனில் தினமும் வந்து போகிறவள், இருபது வயது இருக்கும். அய்யாவுக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும் என்றாள். அவள் அய்யா தவசி ஆடு மேய்க்கிறவர். மூன்று வருஷமாக இளைப்பு. இந்தப் பனியிலும் நெஞ்சில் சளி கட்டினால் அதோடு ஆட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆனால் ஆடு குட்டி போடுகிற காலத்தில் அந்த மனிதர் வீட்டில் படுக்கமாட்டார். தொழுவுக்குள் ஆட்டோடு ஆடாகத்தான் கிடப்பார். தாய் இல்லாத பெண், அவள்தான் கவலைப்பட வேண்டும்.

முன்பக்கம் பொத்தான் வைத்தது, ஜிப் வைத்தது, வி கழுத்து வைத்துத் தலைவழியாகப் போடுவது என்று மூன்றையும் விரித்துப் போட்டேன். பொத்தான் வைத்ததைத்தான் அவள் கை முதலில் தொட்டது. வி கழுத்தில் நீலம் நாலு டஜன் முடங்கிக் கிடந்த எரிச்சல் எனக்கு. இதைப் போட்டால் உங்கள் அய்யா ஹெட்மாஸ்டர் மாதிரி இருப்பார் என்று அடித்துவிட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வரிசையில் அவள் அய்யாவை யாரும் தள்ளி நிற்கச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்திருப்பாள். நீலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்துத் தவசியே வந்தார். கம்பை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தினத்தாளில் சுற்றியிருந்த நீல ஸ்வெட்டரை எடுத்து வைத்து, இதே நீலத்தில் பொத்தான் வைத்தது வேண்டும் என்றார். துவைத்த துணி என்று பார்த்ததுமே தெரிந்தது. விற்ற சரக்கைத் திரும்ப வாங்குவதில்லை என்று எழுதிப் போட்டிருந்த போர்டை நான் கையால் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டு, சரி என்று தலையாட்டினார். ஆனால் நகரவில்லை.

என்னதான் கோளாறு என்று சள்ளென்று கேட்டேன். மெதுவாகச் சொன்னார். மேய்ச்சல் காட்டில் ஆடு ஈன்றுவிட்டால், அந்த ஈரக் குட்டியை வெறும் மார்போடு அணைத்துத் துண்டால் மூடித் தொழுவுக்குக் கொண்டுவருவார். அவருடைய வியர்வை வாசம் ஆடுகளுக்குப் பழக்கம். ஸ்வெட்டர் போட்ட முதல் நாள், தூறலில் ஒரு ஆடு ஈன்றது. தலைவழியாகப் போட்டதை அவசரத்துக்குக் கழற்ற முடியவில்லை. குட்டியை ஸ்வெட்டரோடு சேர்த்தே அணைத்துக்கொண்டு வந்தார். இறக்கிவிட்டதும் தாயாடு மோந்து பார்த்து முட்டித் தள்ளியது. அந்துருண்டை வாசம். பாலைப் பீய்ச்சிக் குட்டி முதுகில் தடவிப் பார்த்தார், ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு ஊட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் குட்டி செத்துப்போனது.

"நாப்பது வருசமா ஆட்டோட கெடக்கேன் தம்பி. மக வாங்கிக் குடுத்ததைப் போட்ட சந்தோசத்துல புத்தி மழுங்கிப் போச்சு," என்றார்.

இன்னும் பதினேழு ஆடு ஈன வேண்டும். பொத்தான் வைத்ததென்றால் சட்டென்று திறந்து குட்டியை மார்புக்குள் விட்டுக்கொள்ளலாம். ஸ்வெட்டரே வேண்டாம் என்று விட்டுவிடலாம்தான், ஆனால் நெஞ்சுச்சளி வந்தால் பதினேழையும் யார் பார்ப்பது? மகளுக்கு மட்டும் தெரியக்கூடாது. அதனால்தான் அதே நீலம்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஹெட்மாஸ்டர் கதை சொன்னவன் நான், அந்துருண்டை வைத்ததும் நான். முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம். அலமாரியை உருட்டிப் போட்டதில் அந்த நீலத்தில் பொத்தான் வைத்தது இரண்டு கிடைத்தது. இரண்டும் பெண்கள் போடுவது. நெஞ்சுப் பையோரம் மஞ்சள் நூலில் ஒரு பூ வேறு. மறைக்காமல் சொல்லிவிட்டேன். தவசி துண்டைச் சுருட்டிக் குட்டிபோல் உள்ளே வைத்துப் பொத்தானைப் போட்டார், திறந்தார், மறுபடி போட்டார்.

"பருத்திப்பூ மாதிரியில்லா இருக்கு. ஆட்டுக்கு என்ன தெரியப் போவுது. மக கண்ணுல படாம மேல துண்டைப் போட்டு மூடிக்கிடுதேன்," என்றார்.

வெயிலில் காயவைத்துப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். துவைத்த நீலத்தை நானே விலை போட்டு எடுத்துக்கொண்டேன்.

மார்கழி பாதியில் மாரிசெல்வி மறுபடி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று பில் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். அவள் திட்டவில்லை. அய்யா இருபது நாளாகத் தோளில் போட்ட துண்டை இறக்காமல் திரிகிறார், சாப்பிடும்போதும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே சாப்பிடுகிறார் என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது. குட்டியைத் தாயாடு முட்டித் தள்ளியதை வேலிக்கு வெளியே நின்று அன்றைக்கே பார்த்திருக்கிறாள். அய்யா அசந்து தூங்கும்போது துண்டு விலகி மஞ்சள் பூவும் அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

"பூப் போட்டது இன்னொண்ணு இருந்தாக் குடுங்க அண்ணாச்சி. ஒண்ணு நனைஞ்சா மாத்திக்கிடணும்லா. நான் வாங்குனேன்னு சொல்லிராதீங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவிய கூசிப் போவாவ."

அந்துருண்டை வாசம் துளிகூட இருக்கக்கூடாது என்றும் சொன்னாள். மாத்திரை வாங்கத் திங்கட்கிழமை தவசி டவுனுக்கு வருவார், அப்போது நானே கொடுப்பதுபோல் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நாலு நாள் அதை மொட்டைமாடிக் கொடியில் போட்டு, தினமும் மூக்கில் வைத்து மோந்து பார்த்தேன். முதலாளிக்கு என் புத்தியைப் பற்றியே சந்தேகம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை தவசி வந்தார். போட்டிருந்த ஸ்வெட்டரை மூடித் துண்டு தோளில் அப்படியே இருந்தது. இதுவரை ஐந்து ஆடு ஈன்றுவிட்டதாம், ஒரு குட்டியையும் தாய் தள்ளவில்லையாம். விற்காத சரக்கு, கடையின் இனாம் என்று சொல்லி அந்த ஸ்வெட்டரைக் கையில் கொடுத்தேன். வாங்கி மோந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பொய் சொல்ல வரும், அன்றைக்கு மட்டும் வரவில்லை.

"எம்மக வந்துட்டுப் போனாளா தம்பி?"

இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, புது ஸ்வெட்டரை அதில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கம்பை எடுத்துக்கொண்டு, நெஞ்சில் மஞ்சள் பூ தெரிய பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.