சட்டைப் பையில் 1 − 1 + 1 − 1

என் வீட்டுக்காரர் சட்டையை, பையைத் துழாவாம நான் துவைக்கப் போட்டதே இல்ல. முன்னாடி அவருக்கு ஃபோர்-டி பைத்தியம், அதாவது நாலு நம்பர் லாட்டரி. வண்டி நம்பரைப் பார்த்தாலும் எடுப்பார், கனவுல வந்தாலும் எடுப்பார். மூணு வருஷத்துக்கு முன்னாடி சைனாடவுன் மாரியம்மன் கோயில்ல சூடம் அடிச்சு, இனிமே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணார். திரும்பத் தொட்டா மகளைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு நானும் சொல்லி வச்சிருந்தேன்.

அன்னிக்குப் பையில ஒரு காகிதம். 1 − 1 + 1 − 1... கீழே 1 + 2 + 3 + 4... நடுவுல கூட்டலும் கழித்தலும் போட்டுட்டா எனக்குத் தெரியாதாக்கும்! 1111, 1234. அடப்பாவி மனுஷா!

கையும் களவுமா பிடிக்கலாம்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை "சும்மா வெளிய"ன்னு கிளம்பினவர் பின்னாடியே போய், எம்ஆர்டி ரயில்ல அடுத்த பெட்டியில ஏறினேன். லிட்டில் இந்தியாவுல இறங்கினார். லாட்டரிக் கடை வரிசையில நிப்பார்னு பார்த்தா, அதைத் தாண்டி நடந்து நடந்து ஒரு நூலகத்துக்குள்ள நுழைஞ்சார். மேஜையில கணக்குப் புத்தகம். நான் போய் முன்னாடி நின்னதும் பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டார்.

"என்ன நம்பர் இது?"

"நம்பர் இல்லலா, தொடர். முடியவே முடியாது. கூட்டிக்கிட்டே போனா ஒண்ணு, சைபர், ஒண்ணு, சைபர்னு மாறும், ஒரு இடத்துல நிக்காது. அதனால அதுவரைக்கும் வந்த விடைகளோட சராசரியைப் பார்த்துக்கிட்டே போவாங்க. அது அரையை நெருங்கும்."

"அந்த இன்னொண்ணு?"

"அதுக்குச் சராசரி எடுபடாது, வேற வழி. மைனஸ் பன்னிரண்டுல ஒண்ணு."

"கூட்டக் கூட்ட மைனஸா? யாருக்குக் காது குத்துறீங்க?"

"சாதாரணக் கூட்டல் இல்ல. கூட்டல்னா என்னங்கிறதையே மாத்தி வச்சுப் பார்க்கிறாங்க."

அவர் வேலை பார்க்கிற சாங்கி ஏர்போர்ட் கார்கோவுல ஓய்வு நேரத்துல வீடியோ பார்த்து, இந்தக் கணக்கெல்லாம் பிடிச்சுப் போச்சாம்.

"ஏன் மறைச்சீங்க?"

"நம்பர் எழுதின காகிதத்தைப் பார்த்தா நீ என்ன நினைப்பே?" பென்சிலை அந்த ஒண்ணு, சைபர் மேல வச்சார். "ஒரு நாள் நம்புற. மறுநாள் இல்ல. மூணு வருஷமா இப்படித்தான். மொத்தத்துல அரைதான்."

சுருக்குன்னு இருந்துச்சு. சாரி நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சொல்லல. புத்தகத்தைப் புரட்டி, உள்ள லாட்டரிச் சீட்டு ஏதும் செருகியிருக்கான்னு பார்த்துட்டுத்தான் பக்கத்துல உட்கார்ந்தேன்.

மறுநாள் துவைக்கச் சட்டையை எடுத்தேன். இனிமே பார்க்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். கை தன்னால பைக்குள்ள போச்சு. காகிதம். அவர் கையெழுத்து:

"இன்னிக்கு ஒண்ணா, சைபரா?"