தொப்பி மார்க் மாரித்தாய்

மாரித்தாய் திமிர் பிடித்தவள் என்று எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் இன்றைக்கும் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருப்பதே அவளால்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். என் பெயர் சத்தியபாமா. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற சாலையில் இருக்கிற அந்த ஆபீஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி அடைத்தவள்.

பெட்டி அடைப்பது என்றால் பெரிய வித்தையில்லை. மருந்து காய்ந்த குச்சிகளைக் கைப்பிடியாக அள்ளிக் காலிப் பெட்டிக்குள் திணித்து மூட வேண்டும். கை வேகம் பிடிக்கும்போது குச்சி உரசிப் பெட்டி சர்ரென்று பற்றிக்கொள்ளும். கீழே போட்டுச் சாக்கால் அமுக்கிவிட்டு அடுத்ததை எடுப்போம். அந்தச் சூடு படாத விரல் எங்களில் யாருக்கும் கிடையாது.

மாரித்தாய் எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்துக்காரி. ஆடு மேய்க்கப் போனதில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கழுகுமலையில் வாக்கப்பட்டாள். புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் சத்யபிரியாவைக் காலேஜ் வரை கொண்டு வந்தது இவள் ஒருத்தியின் கைதான். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். மேஸ்திரி அவளைக் கண்டால் வேறு பக்கமாகச் சுற்றிப் போவார்.

எங்கள் பெட்டிக்குத் தொப்பி மார்க் என்று பெயர். சரக்கு முழுக்க வடநாட்டுக்குப் போவதால் லேபிளில் இந்தி எழுத்து. நடுவில் தொப்பி வைத்து, மீசையை முறுக்கிவிட்ட ஒரு வாலிபர் படம். முதலாளியின் தாத்தா அந்தக் காலத்தில் கொழும்பில் கடை வைத்திருந்தவர் என்பது ஊரறிந்த விஷயம். கொழும்புக்குப் போனவர் தொப்பி போடாமலா இருந்திருப்பார்? படத்தில் இருப்பது அவர்தான் என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். அந்தப் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு ஷெட்டில் மாட்டியிருந்தார்கள். ஆயுதபூஜைக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. "பெரிய மொதலாளி, எங்க கைக்குச் சூடு படாமப் பாத்துக்கிடுங்க" என்று கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவோம். மானேஜர் சங்கரபாண்டி அண்ணாச்சியும் கும்பிடுவார். படத்தில் இருப்பது உண்மையில் யார் என்று அவருக்கும் தெரியாது. தெரிந்தவர் முதலாளி ஒருவர்தான். நாங்கள் கும்பிடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்த லட்சணத்தில், எங்கள் ஷெட்டின் பின்கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். கதவு திறந்திருந்தால் பொம்பளைகள் போன் பேச வெளியே போய்விடுகிறார்களாம். ஆட்டைக்கூட யாரும் இப்படி அடைக்க மாட்டார்கள். போன மார்ச் மாதம் ஒரு நாள், எங்களோடு பெட்டி அடைக்கிற பொன்மணியின் பக்கத்திலிருந்த தீப்பெட்டிக் கட்டு மொத்தமும் பற்றிக்கொண்டது. முன்வாசல் பக்கம் புகை. எல்லோரும் பின்கதவுக்கு ஓடினோம். கதவு அசையவில்லை. எங்கள் கூச்சலைக் கேட்டு வாட்ச்மேன் சுற்றி வந்து திறப்பதற்குள் பொன்மணியின் வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

மறுநாள் அதே பூட்டு, அதே கதவில்.

மாரித்தாய் போய்க் கேட்டாள். மானேஜர் படத்தைக் காட்டினார். "பெரிய மொதலாளி காலத்துல இருந்தே இப்படித்தான்ட்டி. அவிய வச்ச முறைய மாத்த நீ யாரு?"

அவள் திரும்பி வந்துவிட்டாள். அந்த வாரம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு போஸ்டரைப் பார்த்திருக்கிறாள். அதே தொப்பி, அதே மீசை. பசைவாளியோடு நின்றவர் தொழிற்சங்கத்து வெயிலுமுத்து, ஆட்டோ ஓட்டுகிறவர்.

"எங்க மொதலாளியோட தாத்தா படத்த நீங்க எதுக்கு ஒட்டுதீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

வெயிலுமுத்து சிரித்த சிரிப்பில் போஸ்டர் கிழியப் பார்த்ததாம். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறார். அது பகத்சிங். பஞ்சாபில் பிறந்து, இருபத்து மூன்று வயதில் தூக்கில் தொங்கியவர். வெள்ளைக்காரன் போனால் மட்டும் போதாது, உழைக்கிறவனை ஏய்த்துப் பிழைக்கிற முறையே போகவேண்டும், சோசலிசம் வரவேண்டும் என்றவர். ஜெயிலில் கைதிகளை மனுஷராக நடத்து, ஒழுங்கான சோறு போடு, படிக்கப் புத்தகம் கொடு என்று மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவர்.

மறுநாள் மாரித்தாய் என்னிடம் இதைச் சொன்னாள். "தூக்குக் கயிறு முன்னால தொங்குது. அப்பவும் மனுசன் கூட இருந்தவியளுக்காகச் சோறு கேட்டிருக்காருட்டி. நாம வேலைக்கு வந்த பொம்பளைய. உசுரோட வெளிய போகக் கதவு கேக்கப்பிடாதா? அவரு மூஞ்சிய ஒட்டி வித்துக்கிட்டு, அவரையே காட்டி நம்மளப் பூட்டுதானுவ. என்ன நெஞ்சழுத்தம் பாரு."

இத்தனை வருஷம் யாரை, யாரென்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறோம்.

அன்றைக்கு அவள் பெட்டியைத் தொடவில்லை. பின்கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். கையில் கட்டோடு வாரக் கூலி வாங்க வந்திருந்த பொன்மணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்புறம் நான். மத்தியானத்துக்குள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம், ஷெட்டில் ஒரு பெட்டிகூட அடைபடவில்லை. வெளியே நாக்பூர் லாரி சரக்குக்காக நின்றுகொண்டிருந்தது.

முதலாளி காரில் வந்து இறங்கினார். "என்னம்மா இது, யாரு தூண்டிவிட்டா உங்கள?"

"நீங்கதான் மொதலாளி. எங்களத் தூண்டுத ஆளப் படமா மாட்டி வச்சிருக்கியளே" என்றாள் மாரித்தாய்.

அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "அது வடநாட்டுல எடுபடுத படம். யாவாரத்துக்குப் போட்டது. உனக்கு எதுக்கு அந்தக் கதையெல்லாம்?"

"படம் ஒங்களுக்கு. ஆளு எங்களுக்கு."

பூட்டைக் கழற்றினார்கள். எங்கள் உயிருக்காக இல்லை, லாரிக்காக. அடுத்த திங்கட்கிழமை மாரித்தாயை மட்டும் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அதோடு விட்டார்களா? சுற்றுவட்டாரத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில்கூட அவளைச் சேர்க்கவில்லை. போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். கதவைத் திறக்கச் சொன்னவளுக்கு ஊரில் இருக்கிற அத்தனை கதவையும் சாத்தினார்கள். அவள் மிளகாய்ப் பழம் பறிக்கப் போனாள். சாயங்காலம் சங்கத்துக்குப் போய் உட்கார்ந்து பகத்சிங்கைப் பற்றியும் லெனினைப் பற்றியும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள் என்று மகள் சொன்னாள். கேட்டுவிட்டுத்தான் இங்கே திமிர் பிடித்தவள் என்கிறார்கள்.

போன மாதம் ஷெட் எரிந்தது. இந்தத் தடவை சின்னத் தீ இல்லை. கூரையே விழுந்தது. நாங்கள் அத்தனை பேரும் பின்கதவு வழியாக வெளியே வந்துவிட்டோம். மறுநாள் பேப்பரில் முதலாளி படம். தொழிலாளர் நலன் கருதி அவர் மாற்றுவழி அமைத்திருந்ததால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டதாம். வெட்கம் வேண்டாமா ஒரு மனுஷனுக்கு? அந்தப் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு நானும் பொன்மணியும் மாரித்தாய் வேலை செய்கிற புஞ்சைக்குப் போனோம்.

அவள் கரிசலில் கால் புதைய நின்று மிளகாய் பறித்துக்கொண்டிருந்தாள். பேப்பரை வாங்கிப் படித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எல்லாரும் வெளிய வந்துட்டியளா?"

"வந்துட்டோம்க்கா. ஒருத்திக்கும் ஒண்ணும் ஆகல" என்றேன்.

"நல்லது." பேப்பரை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "நான் எப்ப உள்ள வாரது?"

பொன்மணி அந்த வெந்த கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலமே கூட வேலை பார்க்கிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினோம். பக்கத்து ஷெட்டில் வேலை தொடங்கப்போவதாகச் சொல்லியிருந்த காலையில், மாரித்தாயை நடுவில் வைத்துக்கொண்டு எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். சங்கரபாண்டி அண்ணாச்சி வந்து கேட்டைத் திறந்து, நேரமாகிறது, உள்ளே வாருங்கள் என்றார். ஒருத்தியும் நகரவில்லை.

"மொதல்ல அவ வரட்டும் அண்ணாச்சி" என்றாள் பொன்மணி.