கறுப்பு வட்டமும் நனைந்த மருந்தும்

அறுபதுகளில் ஒரு தீபாவளி சீசன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கான மருந்தை வெயிலில் காயப்போடும் களத்துக்கு நான் மேற்பார்வை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலாளிக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகையில் தினமும் வானிலைப் படம் ஒன்று இருக்கும். நாட்டின் வரைபடத்தில் ஊருக்கு ஊர் ஒரு சின்ன வட்டம். சில வட்டம் வெறுமையாக இருக்கும், சிலது முழுக்கக் கறுப்பாக. எங்கள் களத்தில் ஈர மருந்து பரப்பிய தட்டின் விளிம்பில் சாக்பீஸால் வெறும் வட்டம் போடுவோம். நன்றாகக் காய்ந்ததும் அதை நிரப்பிவிடுவோம். அந்தப் பழக்கத்தில், நிரம்பிய வட்டம் என்றால் முழு வெயில் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். நாலைந்து நாள் தற்செயலாகப் பலித்தும்விட்டது.

அன்று காலை நம் பக்கத்து வட்டங்கள் கன்னங்கரேலென்று இருந்தன. இருந்த தட்டு அத்தனையையும் வெளியே எடுக்கச் சொன்னேன். பதினோரு மணிக்குக் கிழக்கே இருட்டியது. வேலை பார்த்த பெண்களில் மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுபவர், பக்கத்தில் வந்தார்.

“தம்பி, எடுத்துருவமா? மருந்து நனைஞ்சா வம்பு.”

“மழை வராதுக்கா. பேப்பர்லயே போட்டிருக்கான்.”

“அம்புட்டு மேகமும் பேப்பரைப் படிச்சுட்டுத் திரும்பிப் போயிருமாக்கும்!”

மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலையைப் பாருங்க என்று அதட்டினேன்.

கால் மணி நேரத்தில் கொட்டியது. அவசரத்தில் தட்டுகளைப் பக்கத்துத் தகரச் செட்டுக்குள் தூக்கிப்போய் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டோம். அலுமினியப் பொடி கலந்த மருந்து நனைந்தால் தானாகவே சூடேறும். அதைக் குவித்து வைக்கவே கூடாது. அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

மழை விட்டது. நான் வெளியே களத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெண்கள் பன்னிரண்டு பேரும் செட்டுக்குள் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். ஒரு தட்டைத் தொட்ட அக்கா கையை வெடுக்கென்று இழுத்தார்.

“ஏய், சுடுதுடீ! வெளிய ஓடுங்க!”

ஒவ்வொருவராகப் பிடித்துத் தள்ளிவிட்டு, கடைசியாக அவர் வாசலைத் தாண்டினார். பின்னாலேயே வெள்ளை வெளிச்சம். கூரை பறந்தது. எனக்குக் காது அடைத்துப்போய் எதுவும் கேட்கவில்லை. ஓடி வந்தவர்களை வாய் மட்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணியது. பதினொன்றுக்கு மேல் வரவில்லை. மறுபடி எண்ணினேன். அப்போதும் பதினொன்றுதான்.

அக்கா சேற்றில் குப்புறக் கிடந்தார். முதுகில் சேலை புகைந்தது. குடத்துத் தண்ணீரை ஊற்றினோம். முனகிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் அந்தப் பத்திரிகையை மறுபடி எடுத்தேன். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். கறுப்பு வட்டம் என்றால் வானம் முழுக்க மேகம். வெறும் வட்டம் என்றால் தெளிந்த வானம். தினமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. இங்கிலீஷ் சரியாகத் தெரியாதது வெளியே தெரிந்துவிடுமே என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குப்புறப் படுத்திருந்தவர் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

“தெரியலைன்னு சொல்லியிருந்தா, நாங்க என்ன உங்களைக் கடிச்சா தின்னுருப்போம்?”

தெரியாததை நாலு பேர் முன்னால் கேட்க இன்றைக்கும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.