அம்மா பேசியது எங்களுக்கு விளங்கவில்லை

நினைவு மலரில் முதலில் பிறந்த ஊரை எழுதுவது வழக்கம். எங்கள் அம்மா பிறந்தது வட நோர்வேயில், கடலோர மீன்பிடிக் கிராமம் ஒன்றில். ஊரின் பெயர் அவருடைய கடவுச்சீட்டில் இருக்கிறது. அதை எப்படி உச்சரிப்பதென்று அவர் உயிரோடு இருந்தபோது நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது யாரிடமாவது கேட்டு எழுதி, தெரிந்தவர்கள்போல் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை. இந்த மலரை வாசிக்கும் உறவினரும் நண்பர்களும் அந்தக் குறையைப் பொறுத்தருள வேண்டும்.

அம்மா தாதியாகப் பயிற்சி பெற்று, இளம் வயதில் இலங்கை மலைநாட்டில் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தாய் சேய் நலப் பணிக்காக வந்தவர். சில மாதங்களில் திரும்பிப் போவதாக இருந்தது. தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்த எங்கள் அப்பாவை விரும்பி மணந்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். லயத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளிப் பெண்களிடம் தமிழ் கற்றார். அரசாங்கக் கந்தோர்களில் ஏறி இறங்கவேண்டும் என்பதற்காகச் சிங்களமும் கற்றார்.

அவரை எல்லோரும் 'நர்ஸ் அம்மா' என்றார்கள். ஹேவாஹெட்டை வரைக்கும் மழையிலும் பனியிலும் நடந்துபோய்ப் பிரசவம் பார்த்தார். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைகளைப் பெற்றோருடன் கண்டிக்கு அழைத்து வந்து பதிவு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று ஆசிரியர்களாகவும் தாதியராகவும் இருக்கிறார்கள்.

ஒரு மழைக்காலத்தில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவின் கூரை ஒழுகத் தொடங்கியது. பலமுறை சொல்லியும் நிர்வாகம் அசையவில்லை. ஒருநாள் காலை அம்மா எல்லாக் குழந்தைகளையும் ஆயாமாரோடு அழைத்துக்கொண்டு தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவுக்குப் போனார். விறாந்தையில் பாயை விரித்தார்.

"என்ன இது, மிசிஸ்?" என்று துரை கோபத்தோடு வெளியே வந்தார்.

"ஒங்க வீட்டுக் கூரை ஒழுகல தொர. அங்கிட்டு ஒழுகுது. சரியாகுற வரைக்கும் புள்ளைங்க இங்கனயே இருக்கட்டும்" என்றார் அம்மா. அதற்குள் ஒரு குழந்தை துரை உட்காரும் கதிரைக்கடியில் ஈரமாக்கிவிட்டது. அன்று மாலையே புதிய தகரம் வந்திறங்கியது. இந்தக் கதையைச் சொல்லி அப்பா சிரிக்காத நாளில்லை.

அம்மா எங்களிடம் தமிழில் மட்டுமே பேசினார். "புள்ளைங்க இங்கதானே வாழப்போகுது, அந்தப் பாஷை எதுக்கு?" என்று அத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாராம். அம்மா மறுக்கவில்லை. அவருடைய தாயார் இருந்த காலத்தில் எப்போதாவது தொலைபேசி வரும். அம்மா பின்பக்கம் போய் மெதுவாகப் பேசுவார். 'அம்மாவின் கடமுடா' என்று அதற்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அம்மாவும் சிரிப்பார். அவருடைய தாயார் இறந்த பிறகு அந்த மொழி எங்கள் வீட்டில் கேட்கவேயில்லை.

அப்பா மறைந்த பின் அம்மா கட்டுகஸ்தோட்டையில் என்னோடு இருந்தார். ஞாபகமறதி நோய் வந்தது. முதலில் சிங்களம் போயிற்று. பிறகு தமிழும் போயிற்று. நோர்வே மொழி மட்டும் எஞ்சியது. கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தோம். அம்மாவின் ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. அம்மா சத்தமாகப் பேசுவார், தன் கன்னத்தைத் தட்டுவார், அழுவார். நோயின் குணம் என்றே நினைத்தோம். வைத்தியரிடம் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். அம்மா தூங்கினார். வீடு அமைதியாக இருக்கிறதென்று நாங்கள் நிம்மதிப்பட்டோம்.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் மூலமாக யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். நெடுங்காலம் நோர்வேயில் வாழ்ந்து திரும்பியவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளோடு தங்கியிருந்தார். கேட்டதும் வந்தார். அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அம்மாவின் கண்கள் விரிந்தன. நிறுத்தாமல் பேசினார். அன்ரி இடையிடையே திருப்பிச் சொல்லச்சொல்லிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, அவவுக்குப் பல்லு நோகுதாம். கனநாளாச் சொல்லுறாவாம், ஒருத்தரும் கேக்கினமில்லையாம்."

"வேற என்ன சொல்றாங்க அன்ரி?" என்றேன்.

அன்ரி தயங்கினார். "சொல்லட்டே? இந்த வீட்டுக்காரர் நல்ல ஆக்களாம். சாப்பாடு தருகினமாம். ஆனா தன்னோட ஒருத்தரும் கதைக்கினமில்லையாம். தான் வந்த இடத்தில ஏதும் பிழை விட்டிட்டனோ எண்டு கேக்கிறா."

மறுநாளே பல்லைப் பிடுங்குவித்தோம். அழுகை நின்றது. மாத்திரையையும் நிறுத்தினோம். எத்தனையோ பெண்கள் வாய்திறக்குமுன்பே அவர்களுடைய வலியை அறிந்தவர், தன் பிள்ளைகளின் வீட்டில் பல்வலியைச் சொல்ல வழியில்லாமல் கிடந்திருக்கிறார்.

அன்ரி அடிக்கடி வந்தார். அவரிடம் ஒரே ஒரு வசனத்தைக் கற்றுக்கொண்டேன்: 'இது உங்கள் வீடு, நான் உங்கள் மகள்.' நாக்குப் புரளப் பல நாள் பிடித்தது. அன்ரி வராத ஒரு பிற்பகலில், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொன்னேன். அம்மா என்னை உற்றுப் பார்த்தார். என் கன்னத்தைத் தொட்டார். பிறகு நெடுநேரம் பேசினார். ஓரிடத்தில் சிரித்தார். கடைசியில் ஏதோ கேட்டுவிட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் தலையாட்டினேன். எதற்கு ஆமென்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வாரமே அம்மா எங்களை விட்டுப் பிரிந்தார்.

அம்மாவின் இறுதிக் கிரியைகளுக்காகத் தெல்தோட்டையிலிருந்தும் ஹேவாஹெட்டையிலிருந்தும் லொறிகளில் வந்து, எங்களைவிட அதிகமாக அழுத தோட்டத்துச் சொந்தங்களுக்கும், அந்தக் காலத்தில் அம்மாவோடு கர்ப்பிணிகளைத் தன் வான் வண்டியில் ஏற்றிச்சென்று, அன்றும் பாடையின் பின்னால் மயானம் வரை நடந்துவந்த எங்கள் முஸ்லிம் அண்ணன் மடவளை நானாவுக்கும், அம்மாவின் கடைசி நாட்களில் அவருடைய மொழியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்ரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

அம்மாவுக்கு நன்றி சொல்லும் தகுதி எங்களுக்கு இருப்பதாக நினைக்கவில்லை. மன்னிப்பு மட்டுமே கேட்கிறோம். அதையும் தமிழில்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மகள்
கட்டுகஸ்தோட்டை