தூரத்தக்கா

"இன்னும் ரெண்டடி கிட்ட வாங்க. இது வாள். மூச்சு மேல படணும்" என்று, முன்பின் தெரியாத இரண்டு பார்வையாளர்களை முகத்துக்கு முகம் நிறுத்துகிறார். இருவரும் நெளிகிறார்கள். "கூச்சமா இருக்குல்ல? வெட்டினவனுக்கும் இருந்திருக்கும்."

போர்க்கருவி அருங்காட்சியகத்தில் பத்தொன்பது வருடமாக வழிகாட்டி. வீங்கிய கணுக்கால், கான்வாஸ் செருப்பு, கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. டிக்கெட் கிழிப்பவரிலிருந்து காவலாளி வரை எல்லோருக்கும் அவர் தூரத்தக்கா. எந்த ஆயுதமானாலும் அது கொல்லும் தூரத்தில் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தாமல் விளக்கம் வராது அவருக்கு.

ஈட்டிக்கு நான்கு எட்டு. அம்புக்குத் தோட்டத்தின் கடைக்கோடி. பழைய துப்பாக்கிக்கு அவ்வளவு தூரம் கூட இல்லை. "அப்ப வில்லுதானே ஒசத்தி?" என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் மலர்ந்துவிடும். "வில் பழக ஆறு வருஷம் ஆகும். இதைப் பழக ஆறு வாரம் போதும். கலப்பையப் புடிச்சவனைக் கூட்டிட்டு வந்து கையில குடுத்தா ஆச்சு, பட்டாளம் ரெடி."

பீரங்கிக்கு எதிர்ச்சாரி பஸ் நிறுத்தம். போன மாதம் அங்கே போய் நின்ற ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், வெயிலில் காத்துப் பார்த்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கே போய்விட்டார். மறுநாள் மேலிடத்துக்குப் புகார் பறந்தது. "குண்டுக்குத் தப்பிச்சோம்னு சந்தோஷப்படாம புகார் எழுதுறாரு பாரு!" என்று அக்கா சிரித்த சிரிப்பு கட்டடம் முழுக்கக் கேட்டது.

சிரிக்காத இடமும் உண்டு. நீண்ட தூரப் பீரங்கியின் முன் குரல் தடித்துவிடும். "என் தம்பி கடைவாசல்ல நின்னுட்டு இருந்தான். எட்டு மைலுக்கு அப்பால எவனோ டீ குடிச்சுட்டே பீரங்கியோட வெடிக்கயித்தை இழுத்தான். இவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது." அந்தக் கோபம் ஆறவில்லை. ஆறவிடுகிற உத்தேசமும் அவருக்கு இல்லை.

இன்று கண்காணிப்பாளரே இறங்கி வந்தார், கையில் ஒரு தாளோடு. ஆயுதங்களின் முன்னால் வைத்திருக்கும் விளக்க அட்டையில் அச்சடித்திருப்பதைத் தவிர ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை. இல்லையென்றால் திங்கட்கிழமை வரவேண்டாம்.

"போட்டுத் தொலைங்கக்கா, பென்ஷனுக்கு ஒரு வருஷந்தானே இருக்கு" என்று டிக்கெட் கிழிப்பவர் கிசுகிசுத்தார்.

"அட்டையில என்னம்மா குறை? எல்லாமே சரிபார்த்து அச்சடிச்சது" என்றார் கண்காணிப்பாளர், தன் பேனாவைத் திறந்து நீட்டியபடி.

அக்கா பேனாவை வாங்கிக்கொண்டார். தாளை வாங்கவில்லை. விறுவிறுவென்று கடைசிக் கூடத்துக்கு நடந்தார். கண்காணிப்பாளரும் பின்னாலேயே ஓடினார். அங்கே புதிதாக வந்த ட்ரோன். "இதுக்கு எங்க போய் நிக்கச் சொல்றது சார்? இதை ஓட்டுறவன் இன்னொரு தேசத்துல ஒரு ரூம்ல, ஒரு நாற்காலியில உக்காந்திருக்கான்" என்றார். ட்ரோனின் முன்னால் தாங்கியில் வழவழப்பான அட்டை: 'ஒரே மாதத்தில் இருபத்துமூன்று இலக்குகள் அழிக்கப்பட்டன.'

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'இலக்குகள்' என்பதை அழுத்தி அடித்தார். மேலே கொட்டை எழுத்தில் 'மனிதர்கள்' என்று எழுதினார். பிறகு பேனாவை மூடி, கண்காணிப்பாளரின் சட்டைப்பையில் பத்திரமாகச் செருகினார்.