ஆடி வரைக்கும் பொறுத்துக்கோ

காளீஸ்வரியின் சாவுக்கு நான்தான் காரணம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எந்தப் போலீசும் என்னைத் தேடவில்லை, எவரும் என் சட்டையைப் பிடிக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்து நிற்கிறேன்.

வேடசந்தூரில் கிளினிக் வைத்திருக்கும் சாதாரண டாக்டர் நான். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நாய்க்கடி… எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். நூல் மில்லுக்குப் போகும் பெண்கள் பஞ்சுத் தூசியோடு இருமிக்கொண்டே வருவார்கள். அவர்களுக்கு ஓர் ஊசி, நாலு மாத்திரை. வெகுகாலம் அப்படித்தான் ஓட்டினேன்.

பிறகு அந்தக் கூட்டுத் திட்டம் வந்தது. என்னைப் போன்ற சின்ன டாக்டர்களும் மூச்சுநோயைச் சரியாகக் கண்டுபிடித்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்று பல நாட்டுப் பொது மருத்துவர்கள் சேர்ந்து தொடங்கியது. மாதம் ஒருமுறை கம்ப்யூட்டர் திரையில் கூடுவோம். நெதர்லாந்திலிருந்து ஹன்னா என்ற டாக்டரம்மா ஒருமுறை நேரிலேயே வந்தார். நுரையீரலின் பலத்தை ஊதிப் பார்க்கும் கருவியை என் மேசைமீது வைத்தார். "நோயை அதன் பெயரால் சொல்லுங்கள், மருந்தை நெஞ்சுக்குள் அனுப்புங்கள்" என்றார். அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான்!

அந்தக் கருவியில் முதலில் ஊதியவள் காளீஸ்வரி. மில்லில் வேலை பார்த்த பெண். கன்னம் உப்ப அவள் ஊதியபோது ஹன்னா கைதட்டிப் படம் பிடித்துக்கொண்டார். ஆஸ்துமா என்று தெரிந்தது. இன்ஹேலர் கொடுத்தேன். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பம்பு.

கொஞ்ச நாளில் சிரித்துக்கொண்டே வந்தாள். "நைட் ஷிப்ட்ல கூட இருமல் இல்ல சார்! என்ன புள்ள, ஒஞ் சத்தத்தையே காணோம்னு சூப்பர்வைசரே கேக்குறாரு!"

அந்தச் சிரிப்போடு எல்லாம் நின்றிருக்கக் கூடாதா?

அவள் அம்மா முருகாயி தனியாக வந்தாள். "நிலக்கோட்டைப் பக்கம் நல்ல இடம் வந்திருக்கு சார். மல்லியப்பூத் தோட்டம் வச்சிருக்காங்க. பம்போட அனுப்புனா சீக்காளிப் புள்ளைன்னு திருப்பி விட்டுருவாங்க. மாத்திரையாக் குடுங்க. சத்து மாத்திரைன்னு சொல்லிக்கிறோம்."

பம்பு செய்யும் வேலையை மாத்திரை செய்யாது. திரைக் கூட்டங்களில் மற்ற டாக்டர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். இருந்தும் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்து மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். பிரஷர் பார்க்க வந்தவர்போலக் கையை நீட்டினார். இங்கே பெண் எடுப்பதற்கு முன் ஊர் டாக்டரிடம் இப்படி ஒரு விசாரிப்பு உண்டு.

"டாக்டரய்யா, அந்தப் புள்ளைக்கு நோய்நொடி ஒண்ணும் இல்லேல்ல? நீங்க சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சே இல்ல."

அடுத்தவர் உடம்பைப் பற்றி உங்களிடம் பேச மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் டாக்டர் வாயை மூடினால் பெண்ணுக்கு ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம் பண்ணுவார்கள். "சும்மா சளித் தொந்தரவு. வேற ஒண்ணுமில்ல" என்று சிரித்தேன்.

இரக்கத்தால் சொன்னேன் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் என்னை ஏமாற்றிக்கொண்டேன். இல்லை… பயம்! பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்த டாக்டர் என்று பேர் வாங்கிவிட்டால், அப்புறம் எவள் என் படியேறுவாள்? என் கிளினிக்குக்காகச் சொன்ன பொய் அது.

இன்னொன்றும் இருக்கிறது. அது எவருக்கும் தெரியாது.

கல்யாணமான கொஞ்ச நாளில் காளீஸ்வரி போன் செய்தாள். "சார், தோட்டத்துக்கு மருந்தடிச்சா அன்னைக்கெல்லாம் மூச்சு முட்டுது. மாத்திரை கேக்க மாட்டேங்குது. அவர்கிட்டச் சொல்லிட்டுப் பம்பு வாங்கிக்கவா?"

அவள் சொல்லத் தயாராக இருந்தாள், பாருங்கள்! என் பொய்தான் அவளைவிட அதிகமாகப் பயந்தது.

"இப்பச் சொல்லாதம்மா. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வருவேல்ல, அப்பப் பாத்துக்கலாம். ஆடி வரைக்கும் பொறுத்துக்கோ."

பசியைப் பொறுக்கலாம், வலியைப் பொறுக்கலாம். மூச்சை எப்படிப் பொறுப்பாள்? படித்த மடையன் சொன்னான், அவளும் கேட்டாள்.

ஆடி வந்தது, அவள் வரவில்லை. பூ ஏற்றும் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அடங்கிவிட்டாள். மாலையோடு போய் நின்றேன். அவள் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஆஸ்பத்திரியிலதான் ஆஸ்துமான்னு சொன்னாங்க. அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா பம்ப நானே வாங்கிக் குடுத்திருப்பேனே சார்…" அந்தக் கைச்சூடு இன்னும் என்னை விடவில்லை.

அடுத்த கூட்டத்தில் ஹன்னா ஆசையாக விசாரித்தார். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? "கல்யாணமாகி நன்றாக இருக்கிறாள்" என்றேன். இப்போது எந்தெந்த நாட்டிலோ புதிய டாக்டர்களுக்கு அவள் படத்தைக் காட்டித்தான் பாடம் தொடங்குகிறார்கள். திரையில் கன்னம் உப்ப ஊதிக்கொண்டே இருக்கிறாள். நான் குனிந்து கொள்கிறேன்.

போன வாரம் முருகாயி இளைய மகளைக் கூட்டி வந்தாள். அவளுக்கும் இளைப்பு.

"இவளுக்குப் பம்பே குடுங்க சார். கல்யாணம் ஆனா ஆகுது, ஆகாட்டிப் போகுது." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மூத்தவளுக்கே நீங்க மாத்திரை வேணாம்னுதான் சொன்னீங்க. நான்தான் கேக்கல. பாவி நான்…"

நான் அப்படிச் சொல்லவே இல்லை! அவள் மாத்திரை கேட்ட அன்று மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தவன் நான். நினைத்து நினைத்து அழுததில், பழி முழுவதையும் அவளே தலையில் போட்டுக்கொண்டு என்னை நல்லவனாக்கி வைத்திருக்கிறாள்.

"இல்லம்மா, நான் சொல்லல" என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் இவ்வளவு பேசுகிறேனே, அவளிடம் மட்டும் வாய் எழவில்லை. சின்னவளிடம் பம்பைக் கொடுத்து, எப்படி இழுக்க வேண்டும் என்று காட்டினேன். முருகாயி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையைத் தடுக்காமல் அடுத்த நோயாளியை வரச் சொன்னேன்.