மாப்பிள்ளை ஒட்டிய கேஸ்கெட்

இதை ஒட்டியவன் கையை உடைக்க வேண்டும் என்று காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டியவர் என் தங்கை வீட்டுக்காரர். பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பெங்களூர் அல்சூர் ஏரியில் அவர் ஒரு மோட்டார் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். நான் மர்பி டவுனில் ஸ்கூட்டர் மெக்கானிக். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தசரா சமயம், படகின் பின்னால் தண்ணீருக்குள் இருக்கும் கியர் பெட்டிக்குள் நீர் புகுந்து, ஆயில் பாலாக வெளுத்துவிட்டது. விஜயதசமிக் கூட்டம் சேருமுன் ஏரி ஆபீசர் படகுகளைப் பார்க்க வருவார். ஓடாவிட்டால் மாப்பிள்ளையின் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் பிழைப்பு.

பெட்டியை அவர் வீட்டு வாசலுக்குத் தூக்கிவந்து பிரித்தால், மூடி உட்காரும் இடத்தில், தண்ணீர் புகாமல் அடைக்க வைத்த பழைய காகித கேஸ்கெட் கருங்கல்லாக இறுகிக் கிடந்தது. துளி மிச்சம் இருந்தாலும் புதியது படியாது, மறுபடி தண்ணீர் இறங்கும். ஸ்குரூடிரைவரால் குத்தினால் அலுமினியம் கீறிவிடும். தின்னரில் ஊறவைத்து, பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டினேன். அரிசி அளவு பெயரும், அப்புறம் அசையாது. சனியன்!

"என்னாத்த மாப்ளே போட்டு ஒட்டினீங்க?"

"பசை கொஞ்சம் ஜாஸ்தி வெச்சேன் மச்சான். தண்ணி பூரக்கூடாதுன்னு."

"கொஞ்சமா? டப்பாவையே கவுத்திருக்கீங்க! அப்பறமும் பூந்துச்சே?"

அவர் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். விரல் நுனியெல்லாம் எரிய, சாயங்காலம் வரை தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் எழுந்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. புது கேஸ்கெட்டோடு போனால், நான் தேய்த்த இடத்தில் மூன்று பட்டை விபூதி, சந்தனம், நடுவில் குங்குமம். என் ஸ்பேனரும் பிளேடும் பொரிகடலையோடு சாமி முன்னால். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க கை வெக்கறே? நாளைக்கு எடுத்துக்கோண்ணா" என்றாள் தங்கை.

"நாளைக்கு ஆபீசர் வர்றான்டி! உன் புருஷன் பொழப்பு போவும்!"

"சாமி குத்தம் ஆனா மட்டும் போவாதா?"

அவள் சமையலறைக்குப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஏரிக்கு ஓடினேன். சந்தனத்தை மண்ணெண்ணெயால் துடைத்து, புது கேஸ்கெட் வைத்து மூடி, ஆயில் ஊற்றி, படகை ஓட்டிப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. அன்று முழுக்க தங்கை என் முகத்தில் விழிக்கவில்லை. படகுக்கு மட்டும் வந்து மாலை போட்டு, கை அகலத்துக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள்.

விஜயதசமி காலை ஆபீசர் வந்தார். மாலையைப் பார்த்தார். கன்னடத்தில் கேட்டார்.

"பூஜெ ஆய்தா?"

"ஆய்து சார்" என்றார் மாப்பிள்ளை.

"ஆகலி, ஓடிசி." ஓட்டிக்கொள்ளச் சொல்லித் தலையாட்டிவிட்டு, மோட்டாரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அடுத்த படகுக்கு நடந்தார். அவ்வளவுதான். இடம் மாப்பிள்ளைக்கே.

எனக்குத் தாங்கவில்லை. "சார், ஒந்து நிமிஷ! ஸ்டார்ட் மாடி தோரிஸ்தீனி!" என்று, ஸ்டார்ட் பண்ணிக் காட்டப் பின்னாலேயே ஓடினேன்.

"பேடப்பா, பேடா" என்று திரும்பிப் பார்க்காமலே, வேண்டாமெனக் கையசைத்தார்.

டிபன் டப்பாவோடு கரையில் நின்றிருந்த தங்கை, முந்தின நாளுக்குப் பிறகு முதல்முறையாக என்னிடம் வாயைத் திறந்தாள்.

"பாத்தியாண்ணா?"